வரப்பு ஒன்று, வரி இரண்டு

ஆடித் தபசு கழிந்த மறுவாரம், சங்கரன்கோவில் வட்டத்திலுள்ள ஒரு சங்கத்துக்கு ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தோம். பயிர்க்கடன் பேரேட்டின்படி நின்ற நிலுவையையும், அச்சங்கத்தார் கணிப்பொறியில் புதிதாக அமைத்திருந்த நில வரைபடத்திலிருந்து எடுத்த நிலுவைப் பட்டியலையும் அருகருகே வைத்து ஒத்துப் பார்த்தோம். படத்தின் தொகை பேரேட்டைக் காட்டிலும் 60,000 ரூபாய் மிகுந்து நின்றது. ரொக்க இருப்பு சரியாக இருந்தது; ரசீதுகளும் பற்றுச்சீட்டுகளும் சரியாக இருந்தன. ஆயினும் ‘வித்தியாசம்’ என்னும் சொல் காதில் விழுந்ததுமே செயலாளரின் முகம் வாடிவிட்டது. கூட்டுறவில் சில ஆண்டுகள் உழைத்தவர் எவருக்கும் அச்சொல் இனிப்பதில்லை.

மாலை ஐந்து மணியளவில் காரணம் அகப்பட்டது. அண்ணன் தம்பி இருவருக்குக் கூட்டுப் பட்டாவாக ஒரு நிலம் இருந்தது. அதன்மீது அண்ணன் 60,000 ரூபாய் பயிர்க்கடன் பெற்றிருந்தார். பிறகு பாகம் பிரிந்து, உட்பிரிவு செய்து, தனித்தனிப் பட்டாவும் வாங்கிவிட்டனர். தம்பிக்குக் கடன் ஒன்றும் இல்லை. படத்திலோ இருவர் நிலத்தின்மீதும் அதே கடன், அதே எண்ணுடன் அமர்ந்திருந்தது. கணக்கர் கடன் எதையும் புதிதாக எழுதவில்லை. நிலத்தின் குறுக்கே ஒரு கோடு மட்டுமே கிழித்தார். அந்தக் கோடு எங்ஙனம் 60,000 ரூபாயை ஈன்றது என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதலானோம். நமது வட்டாரத்தில் வேறு சில சங்கங்களும் இத்தகைய படம் அமைக்க முனைந்திருப்பதால், காலம் தாழ்த்தாது சொல்லவேண்டியதும் ஆயிற்று.

நிலத்துக்கு ஏடுகள் இரண்டு என்பதை உழவர் அனைவரும் அறிவர். புல எண், பட்டாதாரர் பெயர், பரப்பு, தீர்வை ஆகியவற்றைத் தாங்குவது ‘அ’ பதிவேடு. அந்தப் புலத்தின் வடிவைத் தாங்குவது புலப்படம். சங்கிலி பிடித்து அளந்த காலத்தில் ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அளவர் நடுவே ஓர் அடிக்கோடு ஓட்டி, அதிலிருந்து செங்குத்தாக ஒவ்வொரு மூலைக்கும் உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்வார். ஆகவே புலப்படம் ஓவியமன்று, எண்களின் தொகுப்பு. இந்த எண்களைக் கொண்டே தேசியத் தகவலியல் மையத்தின் ‘கொலாப்லேண்ட்’ என்னும் மென்பொருள் வழியே தமிழ்நாட்டின் புலப்படங்கள் கணிப்பொறிக்கு ஏற்றப்பட்டன. பட்டாவும் புலப்படமும் இன்று ஊரிலிருந்தே இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன.

ஏடுகள் இரண்டாக இருந்த காலமெல்லாம் ஒன்று திருந்தி மற்றொன்று திருந்தாமல் நிற்பதே வழக்கமான துன்பம். 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் புகுந்த பிழைகளை இன்றும் ‘யு.டி.ஆர். பிழை’ என்று பெயர் சொல்லியே மக்கள் மனுக் கொடுக்கிறார்கள். இரண்டு ஏட்டையும் ஒரே இடத்தில் வைத்தால் என்ன என்ற கேள்விக்குக் கிடைத்த விடைதான் நாம் பேசவந்த பொருள்.

ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்பவர், செய்திகளை எளிய அட்டவணைகளாக வைத்து, ஓர் எண்ணைக் கொண்டு ஒன்றோடொன்று இணைக்கும் முறையை 1970-இல் வெளியிட்டார். இதுவே உறவுநிலைத் தரவுத்தளம். நெசவாளர்க்கு இதை விளக்குவது எளிது. நெடுக ஓடும் பத்திகள் பாவு. குறுக்கே ஓடும் வரிகள் ஊடை. அங்கத்தினர் ஓர் அட்டவணை, நிலம் ஓர் அட்டவணை, கடன் ஓர் அட்டவணை. அங்கத்தினர் எண் மூன்றையும் பிணைக்கும். பாவில் இன்னும் ஓர் இழையைச் சேர்த்து, அதில் நிலத்தின் வடிவையே வைத்துவிட்டால் இரண்டு ஏடும் ஒன்றாகிவிடுகின்றன. போஸ்ட்கிரெஸ் என்னும் விலையில்லாத் தரவுத்தளத்துக்கு இவ்வசதியைத் தரும் ‘போஸ்ட்ஜிஸ்’ 2001-இல் கனடாவின் விக்டோரியா நகரத்து நிறுவனமொன்றிலிருந்து வெளிவந்தது. அதிலுள்ள வடிவங்களைத் திரையில் காண ஒரு கருவி வேண்டும் என்று அலாஸ்காவிலிருந்த கேரி ஷெர்மன் 2002-இல் தொடங்கியதே ‘கியூஜிஸ்’. பல நாட்டார் கூடி வளர்த்த இம்மென்பொருளுக்கும் விலை இல்லை. சிறு சங்கங்கள் இதை நாடுவதற்கு அதுவே முதற்காரணம். அதில் குற்றமும் இல்லை.

வடிவம் அட்டவணையில் எவ்வாறு அமர்கிறது? மூலைகளின் எண்களாக அமர்கிறது. 50 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் உள்ள ஒரு செவ்வகப் புலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 2,000 சதுர மீட்டர். அதாவது 20 ஏர்ஸ், நம் வழக்கில் 49 சென்டுக்குச் சற்று மேல். தரவுத்தளத்தில் இது ஐந்து புள்ளிகள்: நான்கு மூலைகள், வட்டத்தை மூடுவதற்காக மீண்டும் முதல் மூலை. கியூஜிஸில் திருத்தும் நிலையைத் திறந்து, ஒரு மூலையைச் சுட்டியால் பிடித்து அகலவாட்டு எல்லையினின்றும் உள்ளே 2 மீட்டர் தள்ளிச் சேமித்தால், அந்த வரியிலுள்ள எண்கள் அப்போதே மாறிவிடுகின்றன. 40 சதுர மீட்டர் போயிற்று. ஏறத்தாழ ஒரு சென்ட். ஐயாயிரத்தில் ஒன்று என்னும் அளவில் படத்தைத் திரையில் விரித்திருந்தால், அந்த 2 மீட்டர் கண்ணுக்கு அரை மில்லிமீட்டர்கூட இராது. உழவர் ஒருவர் ஒரு சென்டுக்காகப் பத்தாண்டு வழக்காடிய கதைகள் நம் ஊர்களில் ஏராளம். கணிப்பொறியின்முன் அமர்ந்த இளைஞருக்கோ அது கை நடுக்கம்.

இவ்விடத்து ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். பட்டாவில் கண்ட பரப்பு ஒரு பத்தியாகவும், வடிவிலிருந்து கணக்கிட்ட பரப்பு வேறு பத்தியாகவும் இருத்தல்வேண்டும். முன்னதைச் சங்கத்தில் எவரும் தொடலாகாது. பின்னது வடிவம் மாறும்போது தானே மாறும்படி அமைத்துவிடலாம். போஸ்ட்கிரெஸில் 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து இதற்கென்றே வசதி உண்டு. கடன் அளவு பட்டாப் பரப்பின்படியே. இரண்டுக்கும் வேற்றுமை மிகுந்தால் அது விசாரிக்கவேண்டிய செய்தியே அன்றி, ஒன்றை அழித்து மற்றொன்றாக்கும் உரிமைச் சீட்டு அன்று. உட்பிரிவும் எல்லையும் நில அளவைத் துறையாரின் அதிகாரம். சங்கத்தின் படம் அதன் நிழலே. கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து வரைந்த படமானால் இன்னும் எச்சரிக்கை தேவை. திறந்த வெளியிலேயே கைப்பேசி சுமார் 5 மீட்டர் பிசகும்.

இனி அந்த 60,000 ரூபாய்க்கு வருவோம். அச்சங்கத்தில் நிலத்துக்கென ஓர் அட்டவணை மட்டுமே இருந்தது. புல எண், அங்கத்தினர் எண், பட்டாப் பரப்பு, பயிர், கடன் எண், கடன் நிலுவை, வடிவம் ஆகிய எல்லாம் ஒரே வரியில். பார்ப்பதற்குச் சௌகரியந்தான். புதிய பட்டாக்கள் வந்ததும் கணக்கர் கியூஜிஸில் உள்ள வெட்டும் கருவியை எடுத்து, நிலத்தின் குறுக்கே கோடு கிழித்தார். மென்பொருள் நிலத்தை இரண்டாக்கிற்று. ஒரு துண்டு பழைய வரியாகவே நின்றது. மற்றது புதிய வரியாயிற்று. புதிய வரிக்கு மற்றப் பத்திகளை எங்கே தேடுவது? பழைய வரியில் உள்ளவற்றை அப்படியே பிரதி எடுத்துக்கொண்டது. கடன் எண்ணும் நிலுவையும் அதில் அடங்கின. பட்டாப் பரப்பும் அப்படியே. ஆகவே அந்தக் குடும்பத்தின் நிலமும் படத்தின் கணக்கில் இருமடங்காயிருந்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை, பணம் இரட்டித்ததால் அகப்பட்டது!

மென்பொருளைக் குறை கூறுவதில் பயனில்லை. வெட்டும்போது எந்தப் பத்தியைப் பிரதி எடுப்பது, எதை வெறுமையாக விடுவது, எதைப் பரப்பின் விகிதப்படி பங்கிடுவது என்று முன்னரே சொல்லிவைக்கும் வசதி கியூஜிஸின் அண்மைப் பதிப்புகளில் உண்டு. ஆயினும் நாம் செய்த திருத்தம் வேறு. கடனை நில வரியிலிருந்து எடுத்து, தனக்குரிய கடன் அட்டவணையில் வைத்தோம். ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டுமே என்பதன்றோ காட் அவர்களின் முறைக்கு உயிர்! இப்போது நிலத்தை நாலாக வெட்டினாலும் கடன் வரி ஒன்றாகவே நிற்கும். எந்தத் துண்டு எந்தக் கடனுக்கு உரியது என்பதைச் செயலாளர் ஆதாரம் பார்த்து, தனியே ஓர் இணைப்பு அட்டவணையில் எழுதவேண்டும். அதைக் கோடு கிழிக்கும் கருவி எழுதாது. படம் பார்ப்போர்க்கு இரண்டையும் கோத்துக் காட்ட ஒரு காட்சி அட்டவணை அமைத்தோம். காட்சி அட்டவணையைத் திறக்கும்போது வரிகளைத் தனித்தறியும் திறவெண் எந்தப் பத்தி என்று கியூஜிஸுக்குச் சொல்லவேண்டும். தக்க கட்டளை எழுதிவைத்தாலன்றி அதன் வழியே திருத்த இயலாது. நாம் வேண்டுமென்றே எழுதவில்லை.

தம்பியார் மறுநாள் வந்திருந்தார். தம் நிலத்தின்மீது இல்லாத கடன் ஏறியிருந்த செய்தி அதற்குள் அவருக்கு எட்டியிருந்தது. “எங்க அண்ணன் வாங்கினது எனக்குத் தெரியும், ஐயா. அடுத்த பூவுக்கு நான் கடன் கேட்டு வந்தால், பழைய பாக்கி இருக்கிறதென்று தள்ளியிருப்பீர்களா, மாட்டீர்களா?” என்று கேட்டார். தள்ளியிருப்போம் என்பதே உண்மை. படத்தைப் பார்த்துத்தான் பட்டியல் எடுக்கிறார்கள்.

கட்டுரையின் தலைப்புக்குக் காரணம் வேறொன்று. தரையில் இரண்டு நிலத்துக்கும் நடுவே வரப்பு ஒன்றுதான். அட்டவணையிலோ ஒவ்வொரு நிலமும் தன் எல்லை முழுவதையும் தானே சுமக்கிறது. ஆகவே ஒரே வரப்பு அண்ணன் வரியில் ஒருமுறையும் தம்பி வரியில் ஒருமுறையும் எழுதப்பட்டிருக்கிறது. அண்ணன் நிலத்தின் மூலையை மட்டும் நகர்த்தினால் தம்பியின் எல்லை நகராது. நடுவே ஒரு கீற்று நிலம் ஒருவருக்கும் இல்லாமல் நிற்கும், அல்லது இருவருக்கும் உரியதாகிவிடும். இதற்குக் கியூஜிஸில் இரண்டு அமைப்புகளைத் திருத்தத் தொடங்குமுன் இயக்கிக்கொள்ளவேண்டும். ஒன்று, அருகிலுள்ள மூலையில் சுட்டி தானே சென்று ஒட்டிக்கொள்வது. மற்றொன்று, பொது மூலையை நகர்த்தும்போது அண்டை நிலத்தின் மூலையையும் உடன் நகர்த்துவது. இவ்விரண்டும் திருத்துபவரின் கணிப்பொறியில் உள்ள அமைப்புகளே. தரவுத்தளம் அவற்றை அறியாது. இயக்க மறந்தவர் வைக்கும் கீற்றையும் அது மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். ஆதலின் வாரம் ஒருமுறை, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய நிலங்களைத் தேடும் வினவலை ஓட்டிப் பார்ப்பது நலம். அச்சங்கத்தில் முதன்முறை ஓட்டியபோது விடை ஒரு பக்கத்தில் அடங்கவில்லை.

இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் என்ன ஆகும் என்றும் சிலர் கேட்கின்றனர். கியூஜிஸின் வழக்கமான நிலையில், திருத்தங்கள் ‘சேமி’ என்று சொல்லும் வரை திருத்துபவரின் கணிப்பொறியிலேயே தங்கியிருக்கும். கணக்கர் காலையில் ஒரு நிலத்தைத் திறந்து மூலையை நகர்த்துகிறார். கிட்டங்கியிலிருந்து உதவியாளரும் அதே நிலத்தைத் திறந்து வேறொரு மூலையை நகர்த்துகிறார். கணக்கர் முதலில் சேமிக்கிறார்; உதவியாளர் பின்னர் சேமிக்கிறார். வடிவம் முழுவதும் ஒரே பத்தியாகையால், பின்னவரின் வடிவமே நிற்கும். முன்னவரின் உழைப்பு அறிவிப்பின்றி மறையும். ஒருவர் வடிவையும் மற்றவர் பயிரின் பெயரையும் திருத்தினால் இரண்டும் நிற்கும். மாறிய பத்தி மட்டுமே அனுப்பப்படுகிறது என்பதால். திருத்தங்களைப் பரிவர்த்தனையாக உடனுக்குடன் தரவுத்தளத்துக்கு அனுப்பும் வேறொரு நிலையும் உண்டு. அதில் முதல்வர் முடிக்கும்வரை அந்த வரிக்கு இரண்டாமவர் காத்திருக்கவேண்டும். நல்ல முறைதான்; ஆனால் திருத்தத்தைத் திறந்து வைத்துவிட்டு உணவுக்குச் செல்லும் பழக்கம் உள்ள அலுவலகத்தில், அவர் மோர் குடித்து வரும்வரை மற்றவர் கை கட்டி நிற்க நேரும்.

நமக்கு இவற்றினும் பெரிதாகத் தோன்றுவது வேறு. பேரேட்டில் பிழை நேர்ந்தால் நாம் சுரண்டி அழிப்பதில்லை. அடித்து, மேலே திருத்தி, சுருக்கொப்பம் இடுகிறோம். அடித்த எண் கீழே தெரியவேண்டும். சாதாரணத் தரவுத்தள அட்டவணையில் ஒரு மூலையை நகர்த்திச் சேமித்தால் பழைய மூலை எங்கும் இராது. யார், என்று, ஏன் என்ற மூன்றும் இரா. வெள்ளை மை பூசிய பேரேட்டை எந்த ஆய்வாளரும் ஏற்கமாட்டார்; படத்தை மட்டும் ஏற்பது எங்ஙனம்? ஆதலின், நில அட்டவணையில் ஒரு வரி மாறும் ஒவ்வொரு முறையும் தானே இயங்கி, பழைய வரியை முழுமையாக ஒரு வரலாற்று அட்டவணையில் எழுதும் கட்டளையை வைத்தோம். இதை ‘ட்ரிகர்’ என்பர். இருபது வரிகளுக்குள் அடங்கும் கட்டளை அது. பயனர் பெயரும் நேரமும் அதனுடன் சேரும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் பெயர் வேண்டும். எல்லோரும் ஒரே கடவுச்சொல்லில் நுழையும் சங்கத்தில் சுருக்கொப்பத்துக்குப் பொருளேது? பட்டாப் பரப்புப் பத்தியைக் கணக்கர் மாற்ற இயலாதபடி தடுப்பதும் இதே பயனர் பெயர்களைக் கொண்டுதான். போஸ்ட்கிரெஸ் பத்திவாரியாக அனுமதி கொடுக்கவல்லது.

நெசவாளர் பக்கம் சங்கதி எளிது. தறிக்கு எல்லை இல்லை. ஒரு புள்ளி போதும். கைத்தறிக்கு இரு மாதத்துக்கு 300 யூனிட், விசைத்தறிக்கு 1,000 யூனிட் என்று விலையில்லா மின்சாரம் 2023-இல் உயர்த்தப்பட்ட பின், எந்தத் தறி எந்த வீட்டில், எந்த இணைப்பில் என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. நகரில் ஒரு நெசவாளர் சங்கத்தார் அட்டைகளைக் கணிப்பொறியில் ஏற்றும்போது, தீர்க்க ரேகைக்கு ஒரு பத்தி, அட்ச ரேகைக்கு ஒரு பத்தி என வெறும் எண்களாகவே வைத்திருந்தனர். கியூஜிஸில் இத்தகைய அட்டவணையிலிருந்து புள்ளிகளை உண்டாக்கும் கருவி உண்டு. அதைக் கொண்டு புள்ளிகளை எழுப்பி, இரண்டு நாள் தெருத்தெருவாகப் பார்த்து ஒவ்வொன்றையும் உரிய வீட்டின்மேல் நகர்த்தினார் ஒரு தம்பி. மூன்றாம் நாள் மூல அட்டவணையைத் திறந்தால் ஓர் எண்ணும் மாறவில்லை. அவர் நகர்த்தியவை யாவும் பிரதியின் புள்ளிகள். மூல அட்டவணையிலேயே வடிவத்துக்கென ஒரு பத்தியைச் சேர்த்து, எண்களிலிருந்து அதை நிரப்பி, இனி எண்கள் வேண்டுவோர் அந்தப் பத்தியிலிருந்தே கணக்கிட்டுப் பெறுக என்று வைத்தபின்பே வேலை நேராயிற்று.

அந்த அட்டவணையில் இன்னொரு வேடிக்கை. சில வரிகளில் அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருந்தன. சங்கரன்கோவில் வடக்கே 9 பாகை, கிழக்கே 77½ பாகை. மாற்றிப் போட்டால் வடக்கே 77½, கிழக்கே 9 ஆகி, வடதுருவத்தை அடுத்த ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு மேற்கே பனிக்கடலில் நம் தறிகள் மிதக்கும். சிரித்துவிட்டுத் திருத்தினோம். இதைப் போலச் சிரிக்க முடியாத பிழை, எண்களை மூன்று தசம இடத்தோடு நிறுத்துவது. ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு நம் ஊரில் 110 மீட்டர். ஒரு தெருவின் தறிகள் யாவும் ஒரே வீட்டில் குவியும். படமோ பார்வைக்குச் சரியாகவே இருக்கும். மீட்டர் கணக்கில் வைக்க விரும்புவோர், சங்கரன்கோவில் உலகக் கட்ட முறையில் 43-ஆம் மண்டலம் என்பதையும், கிழக்கே 78 பாகையைத் தாண்டிய தூத்துக்குடி 44-ஆம் மண்டலம் என்பதையும் நினைவில் வைக்க. அங்கிருந்து பெற்ற படத்தை மண்டலம் மாற்றாமல் இங்கே ஒட்டினால் பொருந்தாது.

சென்ற வாரம் முதற்கண் சொன்ன சங்கத்துக்கு மீண்டும் போயிருந்தோம். பேரேடும் படமும் ஒத்து நின்றன. வரலாற்று அட்டவணையைத் திறந்து பார்த்தோம். 41 வரிகள் சேர்ந்திருந்தன. பெரும்பாலும் பயிர் மாற்றம்: உளுந்து போய் மக்காச்சோளம், பருத்தி போய் மல்லிகை. இரண்டு வரிகளில் மட்டும், தம்பியாரின் நிலத்து வடமூலை பிற்பகல் 4 மணி 10 நிமிடத்தில் 2 மீட்டருக்கு மேல் நகர்ந்து, 4 மணி 12 நிமிடத்தில் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது. பயனர் பெயர் கணக்கருடையது. கேட்டோம். “படத்தை நகர்த்தப் போய் மூலையைப் பிடித்துவிட்டேன், ஐயா, உடனே பழைய எண்ணை இதிலிருந்தே எடுத்துப் போட்டுவிட்டேன்” என்றார். ஆய்வுக் குறிப்பில் அதை அப்படியே எழுதி, அவரிடம் ஒப்பமும் வாங்கிக்கொண்டோம்.